லேப்பில் ஆட்டோமேஷன் லைன் போட்டால் ரிப்போர்ட் சீக்கிரம் வருமா?

கேள்வி: ஒரு நாளைக்குச் சுமார் 1000 டியூப் வரும் மருத்துவமனை லேப். பயோகெமிஸ்ட்ரி ரிப்போர்ட் தாமதம் என்று வார்டுகளிலிருந்து ஓயாமல் புகார். டியூபைத் தானாகவே மெஷினுக்கு மெஷின் கொண்டுபோகும் டிராக் ஆட்டோமேஷன் வாங்கினால் இது தீருமா? அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்:

தீருமா என்பது தாமதம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கெமிஸ்ட்ரி டெஸ்டுகளுக்கு அனலைசருக்குள் (டெஸ்ட் செய்யும் மெஷின்) ஆகும் நேரம் 10 நிமிடம் போலத்தான். சோடியம், பொட்டாசியம் எலக்ட்ரோடில் ஓடுவதால் இன்னும் குறைவு. பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்கு 2 மணி நேரம் ஆகிறதென்றால், அதில் மெஷின் வேலை செய்தது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் டியூப் ஏதோ ஒரு ரேக்கில் சும்மா நின்றிருக்கிறது.

அதனால் முதல் வேலை, ஒரு வாரம் உட்கார்ந்து நேரம் குறிப்பது. ரத்தம் எடுத்தது, லேப் வாசலில் ஸ்கேன் ஆனது, சென்ட்ரிஃபியூஜில் (டியூபைச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் மெஷின்) வைத்தது, அனலைசரில் ரிசல்ட் வந்தது, அதை ஆள் பார்த்து வெரிஃபை ஆனது என ஐந்து நேரங்கள் வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் நேரம் பல லேப் சாஃப்ட்வேர்களில் பதிவாகாது. அதைக் கையால் எழுதத்தான் வேண்டும். ரத்தம் எடுத்த நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். லேபிளை முன்கூட்டியே மொத்தமாகப் பிரின்ட் செய்து வைக்கும் வார்டில், பிரின்ட் ஆன நேரமே எடுத்த நேரமாகப் பதிவாகிவிடும். கணக்குப் போடும்போது சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நூற்றுக்குத் தொண்ணூறு டியூப் எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தது என்று, மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். காலை நேரக் கூட்டம் அதில்தான் தெரியும்.

இப்படி அளந்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சென்ட்ரிஃபியூஜ். 40 டியூப் கொள்ளும் மெஷின், மணிக்கு 60 டியூப் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்த டியூப் சுற்ற ஆரம்பிப்பதற்கே 40 நிமிடம் ஆகிவிடும். அதே மெஷினை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, கையில் இருக்கிற 15 டியூபோடு ஓட்டினால் யாரும் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெல் டியூபுக்கு (அணுக்களுக்கும், ரத்தம் உறைந்தபின் தெளியும் சீரம் என்ற திரவத்துக்கும் நடுவே ஜெல் நிற்கும் டியூப்) 1300 முதல் 2000 ஜி விசையில் 10 நிமிடம், வேகம் ஏறி இறங்க இன்னும் சில நிமிடம், ஆக ஒரு சுற்று 15 நிமிடத்துக்குள் அடங்கும். எதிரெதிர் பக்கெட்டில் எடை சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காசு செலவில்லாத மாற்றம் இது. டியூப் காத்திருப்பது நேரத்தை மட்டும் தின்பதில்லை, ரிசல்ட்டையும் மாற்றுகிறது: பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை எரித்துவிடும்.

அவசரப்பட்டு உறையும் நேரத்தில் கைவைக்காதீர்கள். ஜெல் சீரம் டியூப் நிமிர்ந்த நிலையில் 30 நிமிடம் நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கும் நோயாளிக்கு இன்னும் அதிகம். 15 நிமிடத்தில் சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் (உறைதலில் உருவாகும் புரதம்) இழை மிதக்கும், அது சாம்பிளை உறிஞ்சும் அனலைசரின் புரோபில் சிக்கும். பெரிய துண்டு சிக்கினால் மெஷின் அலாரம் அடித்துவிடும், பரவாயில்லை. மெல்லிய இழை சில சமயம் பிடிபடாது; சாம்பிள் குறைவாக உறிஞ்சப்பட்டு தவறான ரிசல்ட் சாதாரண ரிசல்ட் மாதிரியே வெளியே போய்விடும். எமர்ஜென்சிக்கு நல்ல வழி, ரத்தத்தை உறையவிடாத லித்தியம் ஹெப்பாரின் டியூப். உறையக் காத்திருக்க வேண்டாம், வந்தவுடன் சுற்றலாம். ஆனால் அதில் கிடைக்கும் பிளாஸ்மாவில் (உறையாத ரத்தத்தின் திரவம்) பொட்டாசியம் சீரத்தைவிடச் சற்றுக் குறைவாகவும், மொத்தப் புரதம் சற்று அதிகமாகவும் வரும். ரெஃபரன்ஸ் ரேஞ்சை (நார்மல் எல்லையை) பாருங்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க இந்த டியூப் உதவாது.

அடுத்தது பார்கோடு லேபிள். அற்பமாகத் தெரியும், டிராக்கைப் பாதி நேரம் நிறுத்துவது இதுதான். டியூபை நிமிர்த்திப் பிடித்தால் பட்டைகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். லேபிள் சாயக்கூடாது, சுருங்கக்கூடாது, மூடியின் மேல் ஏறக்கூடாது, அடியில் வால் மாதிரி தொங்கக்கூடாது. ஒரு பக்கம் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இடைவெளி விடுங்கள். லேபிள்மேல் லேபிள் ஒட்டினால் டியூப் தடித்துப் போய் ஹோல்டரில் இறுகும், கிரிப்பர் பிடித்து இழுக்கும்போது நழுவும். தெர்மல் பிரின்டரின் ஹெட்டில் ஒரு புள்ளி செத்துப்போனால் லேபிளில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அது பட்டைகளுக்கு இணையாக விழுந்தால் கண்ணுக்கு உறுத்தாது, ஸ்கேனருக்கோ ஒரு பட்டை காணாமல் போயிருக்கும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதை வாராந்திர வேலையில் சேருங்கள். பார்கோடில் கோட் 128 வகையே வேண்டும் என்று கேளுங்கள். அதில் சரிபார்ப்பு எழுத்து கட்டாயம் என்பதால் தவறாகப் படிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சென்ட்ரிஃபியூஜுக்கு அடுத்தபடி நேரம் தேங்குவது வெரிஃபிகேஷனில். ரிசல்ட் வந்து ஸ்கிரீனில் நிற்கும், பார்த்து விட ஆள் இருக்காது. டிராக் வாங்கும் முன்பே மிடில்வேரில் (அனலைசருக்கும் லேப் சாஃப்ட்வேருக்கும் நடுவில் ஓடும் சாஃப்ட்வேர்) ஆட்டோவெரிஃபிகேஷன், அதாவது விதிகளைத் தாண்டிய ரிசல்ட்டை ஆள் இல்லாமல் தானே விடும் வசதி, போடச் சொல்வேன். கொடுக்கிற பணத்துக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அன்றைய கன்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனைச் சாம்பிள்) பாஸ், மெஷின் ஃபிளாக் (எச்சரிக்கைக் குறி) இல்லை, ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்)–மஞ்சள்–கொழுப்பு இன்டெக்ஸ் வரம்புக்குள், ரிசல்ட் அளக்கக்கூடிய எல்லைக்குள், கிரிட்டிகல் (உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டிய ஆபத்தான அளவு) இல்லை, முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிடும் டெல்டா செக் சரி. இத்தனையும் தாண்டினால் தானாகப் போகலாம், ஒன்று தவறினாலும் ஆள் பார்க்க வேண்டும்.

டெஸ்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதியும் எழுதுங்கள். பொட்டாசியம் லிட்டருக்கு 9 மில்லிமோல் என்று மிக அதிகம், கால்சியம் டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று மிகக் குறைவு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவு, கிரியாட்டினின் மட்டும் நார்மல் என்று வந்தால், ஊதா மூடி டியூப் ரத்தம் ஜெல் டியூபில் ஊற்றப்பட்டிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். ஊதா மூடி டியூபில் உறையாமல் தடுக்க இருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ, பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த என்சைமுக்குத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் விடுவதில்லை. இதை வெறும் கிரிட்டிகல் பொட்டாசியம் என்று வார்டுக்குப் போன் செய்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும். ஹெமட்டாலஜியில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) டெல்டா இதே மாதிரி உதவும்: ரத்தம் ஏற்றாத நோயாளிக்கு இரண்டு நாளில் எம்சிவி பெரிதாக மாறாது, மாறினால் டியூப் ஆள் மாறியிருக்கலாம்.

ஆட்டோவெரிஃபிகேஷனுக்கு முதலில் யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மட்டும் எடுங்கள். சில வாரம் சிஸ்டம் "விடலாம்" என்று குறி மட்டும் போடட்டும், விடுவது ஆளாகவே இருக்கட்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று தினமும் பாருங்கள். ஒவ்வொரு விதிக்கும் எல்லைக்கு ஒரு புள்ளி மேலே, ஒரு புள்ளி கீழே என்று போலி ரிசல்ட் அனுப்பிச் சோதியுங்கள். சாஃப்ட்வேர் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கன்ட்ரோல் ஃபெயில் ஆன நொடியில் அந்த டெஸ்டுக்கு ஆட்டோ ரிலீஸ் தானாக நிற்க வேண்டும். கடைசியாகப் பாஸ் ஆன கன்ட்ரோலுக்குப் பிறகு போன ரிசல்ட்டுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கூட்டம் தாங்கவில்லையென்றால் டிராக் வாங்குங்கள். மூடி திறப்பது, சாம்பிளைச் சிறு பங்குகளாக (அலிக்வாட்) பிரிப்பது, கடைசியில் குளிர்ந்த ஸ்டோரேஜில் வைப்பது ஆகியவற்றில் அது உண்மையாகவே கை கொடுக்கும். "அதே சாம்பிளில் மெக்னீசியமும் போடுங்கள்" என்று போன் வந்தால் ரேக் ரேக்காகத் தேட வேண்டாம், தானே எடுத்து வரும். ஆனால் லைனோடு இணைந்த சென்ட்ரிஃபியூஜும் பேட்ச் பேட்ச்சாகத்தான் சுற்றும். எமர்ஜென்சி டியூப் அதற்காகக் காத்து நிற்கும். ஆகவே தனியாக ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜும், அனலைசரில் நேரடியாக ரேக் வைக்கும் வழியும் கட்டாயம் இருக்கட்டும். லைன் நின்றால் யார் எந்த ரேக்கை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது என்று மாதம் ஒரு முறையாவது பழகுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், டெமோவுக்கு உங்கள் வார்டுகளிலிருந்தே 200 டியூபை லேபிள் ஒட்டிய நிலையிலேயே கொண்டுபோங்கள். 13×75, 13×100 மில்லிமீட்டர் அளவுகள் கலந்து இருக்கட்டும், குழந்தைகளின் சிறு டியூபும், திருகு மூடியும், அழுத்து மூடியும் இருக்கட்டும். எத்தனை டியூப் எரர் ரேக்கில் போய் விழுகிறது என்று எண்ணுங்கள். 200-ல் 20 என்றால் உங்கள் லேப்பில் நாளைக்கு 100. அந்த நூறையும் ஒருவர் கையால் எடுத்து, துடைத்து, லேபிள் மாற்றி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.