உழைப்புக்கு கொறச்சல் இல்லை, கைல மிஞ்சறதுதான் இல்லை

கே: ஏழை நாட்டு ஜனங்க ஒழுங்கா உழைக்காததாலதான் அந்த நாடுங்க முன்னேறலைன்னு எங்க வீட்ல ஒருத்தர் அடிச்சு சொல்றார். என்ன பதில் சொல்லட்டும்?

ப: ஒரு கோகோ விவசாயி என்ன வேலை பார்க்கறார்னு அவர்கிட்ட சொல்லுங்க. உலகத்து கோகோல சுமார் பாதி மேற்கு ஆப்பிரிக்காவுல கானாவிலயும் பக்கத்துல ஐவரி கோஸ்ட்லயும்தான் விளையுது. காயை மரத்துலேர்ந்து கத்தியால அறுத்து, ஒவ்வொண்ணா உடைச்சு, சதையோட வழவழன்னு இருக்கற கொட்டையை கையாலயே வழிச்செடுத்து, குவிச்சு வாழை இலையால மூடி அஞ்சாறு நாள் புளிக்க விடணும், நடுவுல கிளறி விடணும், அப்புறம் ஒரு வாரம் போல வெயில்ல பரப்பி காயவைக்கணும், தூறல் போட்டா ஓடிப்போய் மூடணும். இத்தனையும் செஞ்சு மூட்டையா கட்டி கொடுத்தா, கடைல விக்கற சாக்லெட் விலைல அவருக்கு வர்றது ரொம்ப சின்ன பங்கு. வறுக்கறது, அரைக்கறது, பேர் ஒட்டி விக்கறதெல்லாம் பெரும்பாலும் வேற நாட்டுல நடக்குது, லாபமும் அங்கயே தங்கிடுது. இவரைப் போய் சோம்பேறின்னு சொன்னா எனக்கு கோபம் வரும்.

கே: 1960 வாக்குல தென் கொரியாவும் கானாவும் கிட்டத்தட்ட ஒரே நிலைமைலதான் இருந்துச்சாமே, அப்புறம் எப்படி இவ்வளவு தூரம் விலகிப்போச்சு?

ப: தலைக்கு இவ்வளவு வருமானம்னு கணக்கு போட்டா ஆமா, ரெண்டும் பக்கத்து பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா அந்த ஒரு எண்ணை வச்சு ரெண்டும் ஒரே இடத்துல கிளம்புச்சுன்னு நினைச்சுடக்கூடாது. கொரியால 1949-ல நிலச் சீர்திருத்த சட்டம் வந்து, ஒரு குடும்பம் சுமார் 3 ஹெக்டேருக்கு மேல விளைநிலம் வச்சுக்க முடியாதுன்னு ஆச்சு, மீதி நிலம் குத்தகைக்கு உழுதவங்க கைக்கே போச்சு. இதை நான் ரொம்ப பெரிய விஷயமா பார்க்கறேன், ஏன்னா நிலம் சொந்தமானதும் விளைச்சல்ல மிஞ்சறது பண்ணையாருக்கு போகாம பிள்ளைங்க படிப்புக்கு போச்சு, பின்னாடி தொழிற்சாலை வந்தப்போ எழுதப்படிக்க தெரிஞ்ச ஆளுங்க தயாரா இருந்தாங்க. அமெரிக்க உதவிப்பணமும் நிறைய வந்துச்சு, அதையும் மறைக்கக்கூடாது.

அப்புறம் அரசாங்கம் கம்பெனிகளுக்கு மலிவு வட்டில கடன் கொடுத்துச்சு, ஆனா இவ்வளவு ஏற்றுமதி பண்ணியாகணும்னு கணக்கும் கேட்டுச்சு. பொஹாங் இரும்பாலைக்கு கடன் கேட்டப்போ இது உங்களுக்கு கட்டுப்படியாகாதுன்னு உலக வங்கி கைவிரிச்சுடுச்சு, முன்னாடி கொரியாவை ஆண்ட ஜப்பான்கிட்டேர்ந்து வந்த இழப்பீட்டுப் பணத்தை போட்டு கட்டி 1973-ல உற்பத்தியை ஆரம்பிச்சாங்க. இதுக்கெல்லாம் கொடுத்த விலையும் இருக்கு, தொழிற்சங்கங்களை நசுக்குனாங்க, ஃபேக்டரில வேலை பார்த்த சின்ன வயசு பொண்ணுங்க அரைவயித்து சம்பளத்துல ராப்பகலா உழைச்சாங்க, அதை விட்டுட்டு கொரியாவை புகழ எனக்கு மனசு வராது.

கானா 1957-ல சுதந்திரம் வாங்குனப்போ வெளிநாட்டுப் பணம் வர்றதுக்கு பெருசா நம்பியிருந்தது கோகோதான். நாட்டோட முதல் தலைவர் என்க்ருமா சும்மா இருக்கலை, வோல்டா நதில பெரிய அணை கட்டுனார், பள்ளிக்கூடம் திறந்தார், தொழிற்சாலை ஆரம்பிச்சார். ஆனா 60-கள் நடுவுல உலக சந்தைல கோகோ விலை விழுந்துச்சு, கடன் ஏறிடுச்சு, 1966-ல ராணுவம் ஆட்சியை பிடிச்சுது, அதுக்கப்புறமும் ஒண்ணு மாத்தி ஒண்ணா கவிழ்ப்புதான். கோகோவை வாங்கி விக்கற அரசாங்க அமைப்பான கோகோ போர்டு வேற விவசாயிக்கு கொடுக்கற விலையை ரொம்ப கீழ வச்சிருந்துச்சு, அதனால அவங்க புதுசா மரம் வைக்கறதையே குறைச்சுட்டாங்க. வெளில விழுந்த அடி பாதின்னா உள்ள எடுத்த முடிவுங்க பாதி.

கே: காலனி ஆட்சி போய் இத்தனை வருஷமாச்சு, இன்னும் அதையே காரணம் சொல்றது சாக்குதானே?

ப: கரீபியன் கடல்ல இருக்கற ஹைட்டி கதையை கேளுங்க. அது பிரான்ஸோட காலனியா இருந்துச்சு, அடிமைங்க சண்டை போட்டு ஜெயிச்சு 1804-ல சுதந்திர நாடு ஆனாங்க. 1825-ல பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்க ஆளுங்க இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கொடுத்தாத்தான் உங்களை நாடா ஒத்துக்குவோம்னு மிரட்டுச்சு. விடுதலை ஆனவங்க, தங்களை அடிமையா வச்சிருந்தவங்களுக்கு நஷ்ட ஈடு கட்டணும்! பின்னாடி 9 கோடியா குறைச்சாலும் அதை கட்ட பிரெஞ்சு பேங்க்லயே கடன் வாங்கி, கடனை அடைக்க மறுபடி கடன் வாங்கி, இது சம்பந்தப்பட்ட பாக்கி முழுசா தீர்ந்தது 1947-லதான். காப்பி வித்து வந்த காசுல நிறைய ரோடாவோ பள்ளிக்கூடமாவோ ஆகாம கப்பலேறி போயிடுச்சு. பிற்பாடு வந்த டுவாலியர் குடும்ப ஆட்சியோட கொள்ளையும் சேர்ந்துதான் இன்னைக்கு நிலைமை, ஆனா முதல் நூறு வருஷத்து கணக்கை சாக்குன்னு சொல்றது நியாயமே இல்லை.

கே: நாடு பணக்கார நாடானா ஏற்றத்தாழ்வு தானா குறையுமா?

ப: குறையாது. ஆப்பிரிக்காவுல இருக்கற போட்ஸ்வானா 1966-ல சுதந்திரம் வாங்குனப்போ உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு, அடுத்த வருஷமே வைரம் கண்டுபிடிச்சாங்க. கனிம உரிமையை அரசாங்கத்து பேர்ல வச்சு, சுரங்க கம்பெனில பங்கு வாங்கி, வந்த பணத்தை ஸ்கூல், ரோடு, ஆஸ்பத்திரின்னு போட்டாங்க, அந்த விஷயத்துல அவங்களை மனசார பாராட்டணும். ஆனா வைரச் சுரங்கத்துக்கு ஆள் நிறைய வேண்டாம், கால்நடையும் கொஞ்ச பேர் கைல குவிஞ்சிருந்துச்சு, அதனால வருமான ஏற்றத்தாழ்வு அதிகமா இருக்கற நாடுகள்ல இன்னும் அது முன்வரிசைலதான் இருக்கு.

கே: ஏழைங்க கைல நேரா பணம் கொடுத்தா வேலைக்கு போக மாட்டாங்களே?

ப: அப்படி நடக்கறதில்லை. மெக்சிகோல 1997-லயும் பிரேசில்ல 2003-லயும் ஆரம்பிச்ச திட்டங்கள்ல, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும், ஹெல்த் செக்கப்புக்கு வரணும்னு சொல்லி பெரும்பாலும் அம்மா கைல பணம் கொடுத்தாங்க. மெக்சிகோல குறிப்பா பொம்பளப்பிள்ளைங்க மேல்வகுப்பு போறது கூடுச்சு. 2019-ல பொருளாதார நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜி குழு பல நாட்டு திட்டங்களை சேர்த்து பார்த்து, பணம் வாங்குனவங்க வேலையை விட்டதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா படிச்சு முடிச்ச பொண்ணுக்கு வேலை வேணுமே, அதை இந்த பணம் உண்டாக்காது, அதுக்கு அந்த ஊர்லயே கோகோவை வறுக்கற, நூலை துணியாக்கற தொழில் வரணும்.