வாசகர் கேள்வி – பதில்: பழுத்த அத்தியைத் தேடுங்கள்

கேள்வி: வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஒன்றில் அதிகாலையில் பறவை பார்க்கச் செல்கிறேன். குரல்கள் நிறையக் கேட்டாலும், அடர்ந்த இலைகளுக்கிடையே எதையும் சரியாகப் பார்க்க முடிவதில்லை. எந்தப் பாதையில் நடப்பது நல்லது?

பதில்: பாதையைவிட மரத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் அருகிலேயே ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். காட்டில் இல்லாத ஒரு வசதி தாவரவியல் பூங்காவில் உண்டு: மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கும். அதில் ‘ஃபைக்கஸ்’ என்று பெயர் தொடங்கினால், அந்த மரம் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. இம்மரங்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் மிகச்சிறிய குளவிகள் ஓரிரு நாட்களே உயிர்வாழ்வதால், எல்லா மரங்களும் ஒரே பருவத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் அக்குளவி இனமே அழிந்துவிடும். அதனால்தான் பல அத்தி இனங்களில் மரத்துக்கு மரம் காய்க்கும் காலம் மாறுபடுகிறது. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் எங்கேனும் ஓர் அத்தி பழுத்திருக்க வாய்ப்புண்டு.

தரையில் பழங்கள் சிதறிக் கிடக்கும் மரத்தைக் கண்டதும், வெயில் உங்கள் முதுகில் விழும்படி சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். சின்னான்களும் மைனாக்களும் ஆரவாரத்துடன் வரும். குக்குறுவானும் மாங்குயிலும் குயிலும் வரும். பச்சைப்புறாதான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். இலையின் நிறத்திலேயே அசையாமல் அமர்ந்திருக்கும் அதை, பழம் உதிரும் கிளையைத் தொடர்ந்து கவனித்தால் மட்டுமே கண்டுபிடிக்கலாம். எட்டாத பழத்துக்காகத் தலைகீழாகத் தொங்கும்போது அது முழுமையாகத் தெரியும். சின்னானும் குக்குறுவானும் விதைகளைச் சிதைக்காமல் எச்சத்தில் வெளியேற்றுகின்றன. பச்சைப்புறாவோ தன் அரைவைப்பையில் அவற்றை அரைத்துவிடுகிறது. ஒரே கிளையில் மரத்தின் விதையைப் பரப்புவோரும் அழிப்போரும் அருகருகே உண்பதைக் காண எனக்கு இன்றும் அலுப்பதில்லை.

வெயில் ஏறியதும் பூச்செடிகளின் பக்கம் செல்லுங்கள். செம்பருத்திப் பூவின் வாய்ப்புறம் செல்லாமல், அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேன்சிட்டு தேன் குடிப்பதை அங்கே மிக அருகில் பார்க்கலாம்.

கேள்வி: கைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவழைக்கலாமா?

பதில்: வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, கூடு காக்கும் பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அக்குரலைத் தேடி அலையும். பலர் வந்துபோகும் பூங்காவில் ஒவ்வொருவரும் இப்படிச் செய்தால் அதன் காலைப்பொழுது முழுவதும் வீணாகும்.

கேள்வி: 8×42, 10×42 ஆகிய பைனாகுலர்களில் எதை வாங்கலாம்?

பதில்: மர நிழலுக்கு 8×42 ஏற்றது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மி.மீ.-இலும் குறிக்கும். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் இதில் 5.25 மி.மீ., மற்றதில் 4.2 மி.மீ. மட்டுமே. கைநடுக்கமும் இதில் குறைவாகவே தெரியும். வாங்குமுன், இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள பொருளும் அதில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டுகள் பல நேரங்களில் அவ்வளவு அருகில் வந்துவிடும்.