முதலில் அந்த முல்லைத் தொட்டியை உள்ளே எடுங்கள்

கேள்வி: மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். எனக்கு இது ஏழாம் மாதம், பெண் குழந்தை. கல்லூரி நாளிலிருந்து அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகள் என்றால் எனக்கு உயிர். போன கோடையில் ஆம்ஹெர்ஸ்ட் போய் அவர் வாழ்ந்த வீட்டையும் தோட்டத்தையும் பார்த்து வந்தேன். எமிலி, டெய்ஸி, லவீனியா என்று தோட்டத்து வாசம் உள்ள பெயராக மகளுக்கு வைக்க ஆசை. கணவரோ, அவர் அம்மா பெயரான செண்பகவல்லியைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். இங்கே பள்ளிக்கூடத்தில் அது யார் வாயில் நுழையும்? அத்தை கோவில்பட்டியிலிருந்து பிரசவத்துக்காக வந்திருக்கிறார். பெயர் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. தொட்டில் போட இடம் வேண்டுமென்று அவருடைய முல்லைத் தொட்டியைப் போன வாரம் கராஜுக்கு மாற்றினேன், அதிலிருந்து முகமும் சரியில்லை. கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: பெயர்ச் சண்டைக் கடிதங்கள் எனக்கு மாதம் நாலு வரும். ஒவ்வொன்றிலும் கணவரைச் சம்மதிக்க வைக்கத்தான் வழி கேட்பார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஜனவரி மாதம், மாசசூசெட்ஸ் குளிரில், முல்லையைக் கராஜில் வைத்தீர்களா?

அது என்ன சாமானா, அம்மா? அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷி, மொழி தெரியாத ஊரில், வெளியே பனி கொட்டும்போது, தன் கையால் உயிரோடு வைத்திருந்த ஒரே பச்சை அது. அதைத் தூக்கி இருட்டில் வைத்துவிட்டு, மகளுக்குத் தோட்டத்துப் பெயர் தேடுகிறீர்கள்.

நீங்கள் பார்த்து வந்த அந்த வீட்டிலேயே இதற்குப் பதில் இருந்தது. வீட்டின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னக் கண்ணாடி அறை இருக்கிறதே, கவனித்தீர்களா? 1855 வாக்கில் அப்பா எட்வர்ட் கட்டிக்கொடுத்தது. 1916-ல் அதைப் பிரித்துவிட்டார்கள், 2017-ல் மறுபடி எழுப்பினார்கள். அது எதற்காக? குளிர்காலத்தில் செடிகள் சாகாமல் இருக்கத்தான். வெளியே பனி கிடக்கும்போது எமிலி உள்ளே மல்லிகை வளர்த்தார். அவர் பதினாலு வயது வாக்கில் செடிகளைப் பறித்து, அழுத்திக் காயவைத்து ஒட்டிய ஏடு ஒன்று ஹார்வர்டில் பத்திரமாக இருக்கிறது. 66 பக்கம், 424 செடிகள். முதல் பக்கத்தில் அவர் ஒட்டியது என்ன தெரியுமா? மல்லிகை. உங்கள் அத்தையின் தொட்டியில் இருக்கும் முல்லைக்குச் சொந்தக்காரச் செடி. நீங்கள் உயிர் என்று சொல்லும் கவிஞர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நேரே அந்தத் தொட்டியிடம்தான் போயிருப்பார்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். எமிலி பூப்பெயர் இல்லை. ஏமிலியஸ் என்ற பழைய ரோமானியக் குடிப்பெயரிலிருந்து வந்தது. லவீனியா என்றதும் உங்களுக்கு லாவெண்டர் மணந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ரோமானியக் கதையில் வரும் ஓர் இளவரசியின் பெயர். டெய்ஸி மட்டும் நிஜமான பூ. பழைய ஆங்கிலத்தில் பகலின் கண் என்று பொருள், காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்வதால். யாரென்று இன்றுவரை தெரியாத ஒருவருக்கு எமிலி எழுதிவைத்த கடிதங்களில் தன்னை டெய்ஸி என்று சொல்லிக்கொண்டதும் உண்மைதான். ஆனால் அது அவரே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் யாரும் அவருக்கு இட்டதில்லை.

அந்தக் குடும்பத்தில் பிறந்தபோதே பூப்பெயர் பெற்றவர் சூசன். எபிரேயத்தில் ஷோஷன்னா, லில்லிப்பூ. எமிலியின் அண்ணன் ஆஸ்டினைக் கட்டிக்கொண்டு 1856-ல் பக்கத்து வீட்டுக்கு வந்த அண்ணி. எமிலி 250-க்கும் அதிகமான கவிதைகளை அனுப்பியது அந்த அண்ணிக்குத்தான். 1886-ல் எமிலி இறந்தபோது உடலை அடக்கத்துக்குத் தயார்செய்தவரும், பத்திரிகையில் இரங்கல் எழுதியவரும் அவரே. வாழ வந்த பெண்ணுக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இடையில் பிணக்குகளும் இருந்தன. என்றாலும் கவிதைகள் வேலி தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். எமிலி என்பது அவருடைய அம்மாவின் பெயர். தங்கை லவீனியாவுக்குச் சித்தியின் பெயர். உங்கள் பட்டியலில் உள்ள மூன்றில் இரண்டு, நீங்கள் வேண்டாம் என்கிற அதே காரியத்தால் வந்தவை! வீட்டுப் பெரியவர் பெயரைப் பிள்ளைக்கு இடுவதை ஆம்ஹெர்ஸ்டில் செய்தால் அழகு, கோவில்பட்டிக்காரர் கேட்டால் பழசா?

அந்த அம்மாவும் மகளும் ஒன்றும் ஈருடல் ஓருயிராக இருக்கவில்லை. தனக்கு அம்மா என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று 1870-ல் தன்னைப் பார்க்க வந்த எழுத்தாளர் ஹிக்கின்சனிடம் சொன்னவர் எமிலி. ஐந்து வருடம் கழித்து அம்மா பக்கவாதத்தில் விழுந்தார், அப்புறம் இடுப்பெலும்பும் முறிந்தது. 1882-ல் சாகும்வரை ஏழு வருடம் எமிலியும் லவீனியாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். எமிலி வீட்டைவிட்டு வெளியே வராததைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். அந்த ஏழு வருடம் அவர் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பேசுபவர் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம். அம்மா அம்மாவாக இருந்தபோது நெருக்கம் இல்லை, அவர் எங்கள் குழந்தையானபோது பாசம் வந்தது என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். ஒரே நிலத்தில் தோண்டும் சுரங்கங்கள் அடியில் சந்திப்பதுபோல என்றார்.

இப்போது செண்பகவல்லி. செண்பகம் பூ இல்லையா? கோவில்பட்டியில் குடியிருக்கும் அம்மனின் பெயர் அது, பூவும் கொடியும் சேர்ந்த பெயர். தோட்டத்து வாசம் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தப் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் காதில் அது விழவில்லை. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான், பாட்டியின் பெயரைத் தாங்குபவள். என் அப்பாயி பெயர்தான் எனக்கும். பள்ளியில் கேலி செய்தார்கள், அழுதேன். இன்று அவரைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் இரண்டே பேர். அவர்கள் என்னைக் கூப்பிடும்போது ஒரு நொடி குரல் மாறும். அதை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் முடிவைக் கேட்டால், செண்பகவல்லி என்றே வையுங்கள். பள்ளியில் செண்பா என்று கூப்பிடட்டும். வீட்டில் நீங்கள் டெய்ஸி என்று கொஞ்சினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

ஆனால் இதை இன்று கணவரிடமோ அத்தையிடமோ பேச வேண்டாம். பெயரைக் கொடுத்துத் தொட்டிக்குச் சமாதானம் செய்வதாக அத்தை நினைத்துவிடக் கூடாது. முதலில் கராஜுக்குப் போங்கள். நீங்கள் கனம் தூக்கக் கூடாது, தொட்டியைக் கணவர் தூக்கட்டும். மன்னிப்பை மட்டும் நீங்களே கேளுங்கள், அவரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள், தொட்டில் நாலடி தள்ளிப் போகட்டும். இலையெல்லாம் உதிர்ந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கும்படி அத்தையிடம் சொல்லுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் விடுவதென்று அவருக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.