வாசகர் கேள்வி - பதில்: பேய் வேட்டைக்குப் போன அண்ணன் தம்பி

கேள்வி: காலேஜில் படிக்கும் என் மகன் ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொடரை விடிய விடியப் பார்க்கிறான். ஒரே பேயும் ரத்தமும். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஓர் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள் ஆச்சி, அதுதான் விஷயம். தம்பி சாம் ஆறு மாதக் குழந்தையாகத் தொட்டிலில் கிடக்கும்போது மஞ்சள் கண் சாத்தான் ஒன்று அவர்கள் தாயைக் கொன்றுவிடுகிறது, வீடு பற்றி எரிகிறது, நாலு வயது டீன் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறான். அப்பா அந்தச் சாத்தானைத் தேடி ஊர் ஊராக அலைய, பிள்ளைகளும் அதே தொழிலுக்கு வந்துவிடுகிறார்கள். 2005 முதல் 2020 வரை 15 சீசன், 327 எபிசோட் ஓடியது. பேய் வாரம் ஒன்றாக மாறும், அண்ணன் தம்பி பாசம்தான் கடைசிவரை இழுத்துப் போகும். மகன் பார்க்கட்டும், ஆனால் நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள். ரத்தம் அதிகம் என்பதால் சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

கேள்வி: அதில் பேய்க்கு உப்புப் போடுகிறார்கள். நாமும் உப்பு சுற்றிப் போடுகிறோமே, இரண்டும் ஒன்றா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உப்பு ஒன்று, வேலை வேறு. நாம் உப்பு மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவது கண்ணேறு கழிய. அங்கே உப்புதான் வேலி. வாசற்படியிலும் ஜன்னல் ஓரத்திலும் கோடாகக் கொட்டினால் பேய் தாண்டாது, கோடு ஓரிடத்தில் கலைந்தாலும் போச்சு. தோட்டாவில் உப்பை அடைத்தும் சுடுகிறார்கள், அது கொஞ்ச நேரம் விரட்டும், அவ்வளவுதான். இரும்புக்கும் பேய் அஞ்சும், இது நம் வீடுகளிலும் உள்ள நம்பிக்கைதான். ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்றால் புதைத்த எலும்பைத் தோண்டி உப்புப் போட்டு எரிக்க வேண்டும்.

இங்கேதான் என் மனசு ஒட்டுவதில்லை. பங்காளிகள் எல்லாம் கூடி, போய்ச் சேர்ந்தவர்களுக்குப் புதுச் சேலை, வேட்டி வைத்துப் படைக்கிற ஊர் நம்முடையது, நாம் அவர்களை வீட்டுக்குள் அழைக்கிறவர்கள். அதனால் மண்வெட்டியை எடுக்கும் முன்னால் ‘இந்த ஆத்மாவுக்கு என்ன அநியாயம் நடந்தது’ என்று சகோதரர்கள் விசாரித்துப் போகிற எபிசோடுகள்தான் எனக்குப் பிடித்தவை.

கேள்வி: 15 சீசனும் பார்க்க நேரமில்லை. எங்கே நிறுத்தலாம்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஐந்தில். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி மனதில் வைத்திருந்த கதை அங்கே முடிகிறது, அதற்குப் பிறகு பொறுப்பு வேறு கைகளுக்குப் போனது. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) சாத்தான்களுக்கெல்லாம் தலைவனான லூசிஃபர் சாமின் உடம்புக்குள் புகுந்து டீனை அடித்து நொறுக்கும்போது, அவர்களுடைய 1967 இம்பாலா காரின் சாம்பல் கிண்ணத்தில் ஒரு குட்டிப் பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறான். சின்ன வயதில் சாம் திணித்து, மாட்டிக்கொண்டு அப்படியே கிடப்பவன். அதைப் பார்த்ததும் சாமுக்குத் தன் நினைவு திரும்புகிறது. உலகத்தின் அழிவையே ஒரு பிளாஸ்டிக் பொம்மை தடுப்பதாக எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்புறம் 11ஆவது சீசனில் ‘பேபி’ என்ற எபிசோடை மட்டும் தனியாகப் பாருங்கள், முழுக்க அந்தக் காருக்குள்ளிருந்தே சொல்லப்பட்ட கதை.

கேள்வி: செட்டிநாட்டில் இப்படி ஒரு தொடர் எடுத்தால்?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் பூட்டிக் கிடக்கும் வளவு வீடு, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் மட்டும் வேண்டாம், பார்த்துச் சலித்துவிட்டது. ஊர் எல்லையில் அரிவாளோடு கருப்பர் நிற்கும்போது உள்ளே ஒன்று எப்படி நுழைந்தது, யார் வழிவிட்டார்கள்? கதையை அங்கே தொடங்கச் சொல்லுங்கள்.