கோந்து வேறு, பாதாம் பிசின் வேறு

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு வீட்டிலேயே ஜிகர்தண்டா போடலாம் என்று ஆன்லைனில் பிசின் வாங்கினேன். பாக்கெட்டில் ‘கோந்த்’ என்று போட்டிருந்தது. ராத்திரி ஊறவைத்துக் காலையில் பார்த்தால் உப்பவே இல்லை, கரைந்து பசையாகக் கிடக்கிறது. கலப்படமா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: கலப்படம் மாதிரித் தெரியவில்லை. சொன்ன பெயருக்குச் சரியான சரக்குதான் வந்திருக்கிறது, பெயர்தான் மாறிப்போச்சு.

வடக்கே வெறும் ‘கோந்த்’ என்றால் பெரும்பாலும் கருவேல இனத்து மரங்களின் பிசின். நெய்யில் போட்டால் பொரி மாதிரிப் பொரியும். அதை நொறுக்கி, வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து லட்டு பிடிப்பார்கள். குளிர்காலத்துக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்த லட்டு; நம் ஊரில் பிரசவ லேகியம் இருக்கிற இடத்தில் அங்கே அது. தண்ணீரில் போட்டால் கரையும், ஒட்டும். தபால் உறை ஒட்டுகிற கோந்துக்கும் அதே பெயர் இருப்பது சும்மா இல்லை.

ஜிகர்தண்டாவுக்கு வேண்டியது பாதாம் பிசின். அது கரையாது, உப்பும். நாலைந்து கட்டி போட்டால் காலையில் சின்னக் கிண்ணம் நிறைந்திருக்கும், கண்ணாடித் துண்டு மாதிரி. வடக்கே இப்படி உப்புகிற பிசினுக்கு ‘கோந்த் கத்தீரா’ என்று பெயர். அது வேறு மரத்துப் பிசின்தான், ஆனால் கோடைக்கு நாம் குடிக்கிற மாதிரியே பாலிலும் சர்பத்திலும் போட்டுக் குடிக்கிறார்கள். ‘கத்தீரா’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால் சரக்கே மாறிவிடும். கடல்பாசி இன்னொரு தினுசு. கொதிக்கும் தண்ணீரில் கரைந்து, ஆறினால் உறையும்.

பணம்? விற்பனைப் பக்கத்தில் ‘கோந்த்’ என்று மட்டும் இருந்தால் விற்றவர் மேல் தப்பில்லை. ‘பாதாம் பிசின்’ என்றோ ‘ஜிகர்தண்டாவுக்கு’ என்றோ போட்டிருந்தால் கதை வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ‘புகார் கிடைத்தது’ என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த முறை நாட்டு மருந்துக் கடையில் நேரில் வாங்குங்கள். தூள் வேண்டாம், கட்டியாகக் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு துண்டை ஊறவைத்துப் பாருங்கள். நானும் ஒரு தடவை பாக்கெட்டை நம்பி மொத்தத்தையும் கொட்டிவிட்டு, விருந்தாளிகளுக்கு வெறும் நன்னாரிப் பால் கொடுத்தவன்தான். பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் எறியாதீர்கள், நெய்யில் பொரித்து லட்டுக்குப் போடுங்கள்.

கேள்வி: கேக்குக்கு வாங்கிய செர்ரி டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கரோண்டா’ என்று இருக்கிறது. அது என்ன?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நம்ம களாக்காய்! ஊறுகாய் போடுவோமே, அதேதான். விதையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றினால் பேக்கரி ‘செர்ரி’ தயார். அதன் பக்கத்திலேயே விற்கும் டூட்டி ஃப்ரூட்டி இன்னும் வேடிக்கை. இத்தாலிய மொழியில் அதற்கு ‘எல்லாப் பழங்களும்’ என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் பப்பாளிக்காய் ஒன்றுதான். சாப்பிடக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பக்கம் பெரிதாகச் செர்ரி படம் போட்டுவிட்டு, களாக்காயைப் பின்பக்கம் ஒளித்து வைப்பது நேர்மையான வியாபாரம் இல்லை. நிஜச் செர்ரிதான் வேண்டும் என்றால் படத்தைப் பார்க்காமல் சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குங்கள். விலையும் கூடத்தான் இருக்கும்.

கேள்வி: பால்கோவாவை அட்டைப் பெட்டியோடு எடை போடுகிறார்கள். கேட்டால் முறைக்கிறார்கள்.
– வாசகி, செல்லூர்

பதில்: முறைக்கட்டும். காசு பால்கோவாவுக்குத்தான், அட்டைக்கு இல்லை. முதலில் காலிப் பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியாக்கச் சொல்லுங்கள். அப்படியே இனிப்பு அடுக்கியிருக்கும் தட்டில் தேதிச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். உதிரியாக விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பதை 2020 அக்டோபரில் கட்டாயமாக்கினார்கள்.