லினக்ஸில் டயல்-அப் இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது, லினக்ஸ்தான் காரணமா?

பழி போடுவதற்கு முன் லாகைப் பாருங்கள், அதாவது சிஸ்டம் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவை. "இந்தக் காலத்தில் டயல்-அப்பா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தாளவாடி, வால்பாறை மாதிரி டவர் சரியாக எட்டாத இடத்தில் போன் லைனில் டயல் செய்து இணையத்தில் சேர்க்கும் பழைய மோடத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இணைப்பை நடத்துவது பிபிபிடி (pppd) என்ற நிரல். அறுந்த நேரத்தில் அது சிஸ்லாக் என்ற பொது லாகில் என்ன எழுதியிருக்கிறது? 'மோடம் ஹேங்அப்' என்றால் கேரியர், அதாவது இரண்டு மோடத்தையும் பிணைத்து வைக்கும் சிக்னல், போய்விட்டது, பெரும்பாலும் லைன் கோளாறு. 'எல்சிபி டெர்மினேட்டட் பை பியர்' என்றால் எதிர்முனையே, அதாவது இணைய சேவை தருபவர் பக்கமே, வெட்டிவிட்டது. எக்கோ-ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது 'இருக்கிறாயா?' என்று எதிர்முனையைக் கேட்பதற்கு, பதில் இல்லை என்று வந்தால் பிபிபிடி அமைப்பில் எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் (lcp-echo-failure) எண்ணைக் கூட்டிப் பாருங்கள்; எத்தனை முறை பதில் வராவிட்டால் வெட்டுவது என்பது அந்த எண்.

2000-களின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசுக்கு ரெட் ஹேட் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். சாயங்காலமானால் மெயில் பாதி இறங்கும்போதே அறுந்துவிடும். சிஸ்டம் விற்ற கடைக்காரர் வந்து, "லினக்ஸ்னா இப்படித்தானுங்க" என்று சொல்லி, திருட்டு விண்டோஸ் போட்டுத் தரக் காசு கேட்டார். லாகிலோ எப்போதும் மோடம் ஹேங்அப். விசாரித்தால், அதே லைனில் மாடியில் முதலாளி வீட்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். தன் மகளிடம் பேச முதலாளியின் அம்மா ரிசீவரை எடுப்பார், "என்னமோ கீச்சு கீச்சுன்னு கத்துது" என்று வைத்துவிடுவார். அதற்குள் கீழே இணைப்பு போயிருக்கும்.

கேரியர் போனபின் மோடம் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது மோடத்துக்குள் எஸ்10 ரிஜிஸ்டர் என்ற அமைப்பில் இருக்கிறது. பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. வழக்கமாக 14, அதாவது 1.4 விநாடி. டயல் செய்யும் நிரலான டபிள்யூவி-டயலின் (wvdial) அமைப்புக் கோப்பில், மோடத்துக்கு முதலில் போகும் இனிட் வரியில் ஏடிஎஸ்10=50 (ATS10=50) போட்டு 5 விநாடி ஆக்கினேன். அறுவது குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. எக்ஸ்டென்ஷனைக் கழற்றுங்கள் என்றால், "அம்மாகிட்ட யாருங்க சொல்றது?" என்று முதலாளி மழுப்பினார். அப்புறம் மாடிக்குத் தனி லைன் வாங்கினார், தொல்லை ஒழிந்தது.

எஸ்10 வைத்தியம் எல்லா மோடத்திலும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

ஒன்று மட்டும் இன்றும் ஆறவில்லை. ஓவர்லாக் டெய்லருக்கு ஓவர்டைம் கணக்குப் பார்த்துக் கொடுத்த அதே ஆபீஸ் எனக்குச் சொன்னது: "சும்மா உக்காந்து தட்டுனதுக்குக் காசாங்க தம்பி?" ராத்திரி டீ வாங்கிக் கொடுத்ததையும் கணக்கில் சேர்த்தார்கள்.

சரி, உங்கள் லைனில் கால் வெயிட்டிங் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அந்த பீப் சத்தமே கேரியரை அறுத்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் லாகின் கடைசிப் பத்து வரியை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.