கூத்து முடிந்த மறுநாள்

காமன் என்கிற மதன் எரிந்து உயிர்த்தெழுகிற கதையை ஆடும் காமன் கூத்தில், அவன் மனைவி ரதியின் வேஷம் கட்டியதைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறு இங்கே. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

உங்களை 'அவன்' என்று சொல்வதா, 'அவள்' என்று சொல்வதா? தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோத்தகிரி

'அவர்' என்று சொல்லுங்கள் டீச்சர். பேசும்போது 'அவங்க'. என்னை ஆண் என்றோ பெண் என்றோ நான் ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை. ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காதவர்களுக்குப் 'பால்புதுமையர்' என்ற சொல் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்த சொல். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்பே தமிழில் எனக்கு 'அவர்' இருந்தது. 'நான் வந்தேன்' என்று சொல்லும்போது வினைமுற்று என்னிடம் எதுவும் கேட்பதில்லை. 'அவர் வந்தார்' என்றாலும் கேட்பதில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் நான்காவது சூத்திரத்திலேயே 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி', அதாவது ஆண்தன்மையில் இருந்து மாறியவரைக் குறிக்கும் பெயர், வந்துவிடுகிறது. அடுத்த அடியில் 'தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி'. இரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே எடுத்துக்கொள்ளும் என்கிறது சூத்திரம். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு வந்த நன்னூல், பேடு எந்தப் பக்கம் அவாவுகிறதோ அந்தப் பாலில் சொல்லலாம் என்றுவிட்டு, அஃறிணை போலவும் வரும் என்று முடிக்கிறது. அந்தக் கடைசி அடியைப் படித்தபோது கூடலூர் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. "அது வருது பாரு" என்று அங்கே எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

ஆனால் என் அம்மாவும் "புள்ள சாப்பிட்டுச்சா?" என்று அஃறிணையில்தான் கேட்கும். நானும் 'அம்மா கேட்கும்' என்றுதான் சொல்வேன். சொல்கிற வாயைப் பொறுத்து அதே ஈறு சோறாகவும் வரும், கல்லாகவும் வரும். சின்ன வயதில் அம்மா என்னைத் 'தம்பி' என்று கூப்பிடும். எப்போது என்று சரியாகத் தெரியவில்லை, ஏதோ ஒரு நாள் அது நின்று 'சாமி' ஆனது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

கூத்துக்கு எப்படி வந்தீர்கள்? அங்கிருந்து எழுத்துக்கு எப்படி?
கல்லூரி மாணவர், ஊட்டி

என் தாத்தா குடும்பம் இலங்கையில் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் தேயிலைதான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுதான். தாத்தா கொண்டுவந்த தகரப் பெட்டியில் காமன் கூத்துப் பாட்டு எழுதிய ஒரு நோட்டு இருந்தது. தப்புப் பறையைத் தனியாகத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் நடுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல், வரட்டி, மாவிலை எல்லாம் சேர்த்துக் கட்டி நட்டுவிட்டால், பௌர்ணமி வரைக்கும் லயத்தில் தினமும் கூத்து. ரதியும் மதனும் ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். எங்களிடம் ரதி எப்போதும் ஆண்பிள்ளை ஆடுகிற வேஷம். 1995-ல், எனக்குப் பதினாலு வயதில், வழக்கமாக ரதி ஆடுகிற அண்ணன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார். குரல் உடையாத பிள்ளை யார் என்று கூத்து வாத்தியார் தேடினார். கிடைத்தது நான்.

அத்தை ஒருத்தர் கல்யாணப் புடவையைக் கொடுத்தார். இன்னொருவர் சவுரி வைத்துப் பின்னிவிட்டார். முகத்தில் அரிதாரம், நெற்றிச்சுட்டி, கையில் ரோஸ் நிறக் கைக்குட்டை. வீடு வீடாகப் போய் ஆடும்போது வாசலில் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி மஞ்சள் தடவினார்கள். அறுபது வயதுப் பாட்டிகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பௌர்ணமி இரவில் மதன் எரிந்ததும், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ரதி புலம்ப வேண்டும். அது வேஷம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பனி இறங்குகிற அந்த நேரத்தில் லயமே கூட அழுதது. பாட்டிகள் யாருக்காக அழுதார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கரையில் விட்டுவந்த ஆட்களுக்காக.

மூன்றாம் நாள் மதனை உயிரெழுப்பிக் காப்பை அவிழ்த்தார்கள். தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், போன வாரம் என் காலில் மஞ்சள் தடவின வீட்டுப் பையனே "ஒம்போது" என்று கத்தினான். வகுப்பில் ஒரு வாத்தியார் என்னை எல்லோர் முன்னாலும் நடக்கச் சொல்லி, "ஆம்பளையா நட" என்றார். நாலு தடவை நடந்தேன்.

தம்பி, நான் எழுத வந்ததற்குக் காரணம் அந்தத் திங்கட்கிழமை. பதினைந்து நாள் என்னைக் கும்பிட்ட ஊர் பதினாறாம் நாள் எங்கே போனது? முப்பது வருடமாக மேடையிலும் தாளிலும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டு வயதில் தோட்டத்தில் தற்காலிக வேலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கக் கேட்டேன். அது பெண்கள் வேலை என்று சொல்லி, தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். என் விரல் அம்மா விரல் மாதிரி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்க்காமலே எடுக்கும். கத்தியோடு ஒரு வருடம் இருந்துவிட்டு 2000-ல் கோயம்புத்தூர் போனேன். ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அப்புறம் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகத் தெருநாடகம் போடுகிற குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு மூன்று பஸ் ஸ்டாண்டு. பஸ் கிளம்புவதற்குள் கதை முடிய வேண்டும், அதனால் வசனத்தைச் சுருக்கிச் சுருக்கி நானே எழுத ஆரம்பித்தேன். எனக்கு எழுத்துப் பயிற்சி அதுதான்.

2009-ல் அப்பா இறந்தபோது ஊருக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. இப்போது நான் ஆடுகிற தனிநபர் நாடகத்தில் பொருள் இரண்டே இரண்டு: அம்மாவின் கொழுந்துக் கூடை, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. முக்கால் மணி நேரம். முதல் தடவை லயத்து முற்றத்தில்தான் போட்டேன். கூடையை நான் தலையில் மாட்டியதும் முன்வரிசையில் இருந்த அக்கா ஒருத்தர் எழுந்து வந்து, நாடா தப்பாக இருக்கிறது என்று சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சென்னையிலும் ஆடியிருக்கிறேன், நன்றாகக் கைதட்டினார்கள். அந்த அக்காவின் கை எனக்கு அதைவிடப் பெரிசு.

இதெல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்த பழக்கம். நம் பண்பாட்டில் இல்லாததை ஏன் பரப்புகிறீர்கள்?
வாசகர், கூடலூர்

ஐயா, சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி ஆடல். வாணன் நகரத்தில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காக, ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடியது அது. நாம் வருடா வருடம் கம்பம் நட்டுக் கும்பிடுகிற அதே காமன். மகனுக்காக அந்தக் கோலம் கட்டியதில் அவனுக்கு ஒரு குறைவும் வந்ததாக இளங்கோ சொல்லவில்லை.

கடிதத்தில் உங்கள் பேரன் என் ஞாயிற்றுக்கிழமை நாடக வகுப்புக்கு வருவதையும் எழுதியிருக்கிறீர்கள். அவன் நல்ல பிள்ளை, தப்பு அடிக்க நன்றாக வருகிறது. அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள்.

என் பிள்ளைக்குப் பதினேழு வயது. 'நான் பையனும் இல்லை, பொண்ணும் இல்லை' என்று சொல்கிறான். டாக்டரிடம் காட்டிச் சரி செய்யலாம் என்கிறார் என் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது.
ஒரு தாய், குன்னூர்

அக்கா, பிள்ளை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது. முதலில் அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள். நான் என் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

இது நோய் இல்லை, அதனால் இதற்கு வைத்தியமும் இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்று கிளம்பும் முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் அந்த உத்தரவை எழுதினார். ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் உங்கள் அண்ணனும் கேட்கலாம். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும், அப்படி 'மாற்றும்' சிகிச்சை தருவது தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. 'சரி செய்கிறேன்' என்று யாராவது சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மனம் சோர்ந்திருக்கிறது, தூங்கவில்லை என்றால் அதற்கு மனநல ஆலோசகரிடம் போகலாம், போக வேண்டும். அது வேறு விஷயம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முடியை வெட்டு என்று நெருக்காதீர்கள். படிப்பை நிறுத்தாதீர்கள். எந்தப் பெயரில் கூப்பிடட்டும் என்று ஒரு தடவை கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். எங்கள் வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை. ஆனால் எனக்குப் பதினேழு வயதானபோது ஏறக்குறைய ஒரு வருடம் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தட்டை மட்டும் தள்ளி வைப்பார். இத்தனை வருடம் கழித்தும் தரையில் தட்டு உரசுகிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு சுருங்கும்.

பிள்ளை என்னோடு பேச விரும்பினால் பத்திரிகை அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். நான் குன்னூர் வருகிறேன்.

யாரைப் படித்து எழுத வந்தீர்கள்?
நூலகர், பந்தலூர்

திருநங்கை எழுத்தாளர் ரேவதியை. அவருடைய 'உணர்வும் உருவமும்' 2004-ல் வந்தது, திருநங்கைகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்த புத்தகம். கோயம்புத்தூரில் குழுத் தோழி ஒருத்தர் கொடுத்தார், அட்டை போன பிரதி. பிறகு ரேவதி தன் கதையையே எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 2010-ல் வந்தது, தமிழில் 'வெள்ளை மொழி'. அதையே மேடையேற்றித் தானே நடிக்கவும் செய்தார். தன் வாழ்க்கையைத் தானே எழுதித் தானே ஆடலாம் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் ஹோமர், பிளேட்டோ என்று ஆண்களின் பெயர்களைத்தான் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 2019-ல் அதற்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களோடு தொங்கவிட்ட பதாகையில் டோனி மாரிசன் பெயரும் இருந்தது, நாமக்கல் பக்கத்து ரேவதி பெயரும் இருந்தது. அந்தப் படத்தை அச்செடுத்து வகுப்பில் ஒட்டியிருக்கிறேன்.

'நான் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவையும் சொல்ல வேண்டும். நாடகக்காரர். அவர் கோபத்தை மறைக்காமல் எழுதுவார், நான் மறைத்து மறைத்துத்தான் எழுதினேன். அவர்கள் இருவரும் திருநங்கைகள், என் வழி கொஞ்சம் வேறு. ஆனால் அவர்கள் வெட்டிப்போட்ட பாதையில்தான் நானும் நடக்கிறேன். உங்கள் நூலகத்தில் இந்த மூன்றும் இல்லையென்றால் சொல்லுங்கள், என் பிரதிகளைத் தருகிறேன். அடிக்கோடு போட்டிருக்கும், பரவாயில்லையா?

இந்த மாசியில் ரதி வேஷம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.
பத்தாம் வகுப்பு, சேரம்பாடி

கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். உங்கள் லயத்து வாத்தியாரை எனக்குத் தெரியும், அவரோடு வருகிறேன். அப்பாவும் சின்ன வயதில் தூதன் ஆடியவர்தான் என்று அவர் சொன்னார், அதில் இருந்து ஆரம்பிப்போம்.

நீ இப்போதே பழக வேண்டியது புடவை. கொசுவத்தை ஒரு பிடி குறைத்துக் கட்டு, இல்லாவிட்டால் மண்டி போடும்போது காலில் மாட்டும். சவுரியை ஊசியோடு மட்டும் விடாமல் கறுப்பு நூலால் உன் முடியோடு சேர்த்துக் கட்டச் சொல். புலம்பல் பாட்டைத் தொண்டையில் இருந்து பாடாதே, பதினைந்து நாள் தாங்காது. வயிற்றில் இருந்து பாடு. வெந்நீர் குடி. ராத்திரி கூத்து முடிந்ததும் தனியாக வீட்டுக்குப் போகாதே, உங்கள் பக்கம் யானை வரும்.

அப்புறம் காப்பு அவிழ்க்கிற நாளுக்கு நான் சேரம்பாடி வந்துவிடுகிறேன். ராத்திரி உங்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் காலை உன்னோடு பள்ளிக்கூடம் வரை நடந்து வருகிறேன். தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தேன், முதல் பீரியடில் காமன் கூத்தைப் பற்றிப் பேச அனுமதி கொடுத்திருக்கிறார். தாத்தாவின் பாட்டு நோட்டைக் கொண்டுவருவேன். நீ தப்பை எடுத்து வா.